உங்களுக்குத் தெரியுமா? வீட்டு ஜெனரேட்டருக்குள் இத்தனை ஆச்சரியங்களா!

நம் வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அதைத் தர, சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழல வேண்டும். ஒரு மணி நேரம் கரன்ட் போனால் 1,80,000 சுற்று! பாகங்கள் தேயாமல் இருக்குமா?

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மாடலில் ஸ்பார்க் பிளக்குக்குப் பேட்டரியே கிடையாது! ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும்போது பிறக்கிறது பொறி. அதன் மின்னழுத்தம் 10,000 வோல்ட்டையும் தாண்டும். எல்லாம் உங்கள் கை இழுத்த ஓர் இழுப்பில்!

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும். ஆனால் பெரும்பாலான சிறிய இன்ஜின்களில் பிளக் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விடுகிறது. நிமிடத்துக்கு 3,000 பொறி. அதில் 1,500 வீண்!

பிளக்கின் இடைவெளி எவ்வளவு? பல இன்ஜின்களில் வெறும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்! முனை தேயத் தேய இடைவெளி கூடும், ஸ்டார்ட்டிங் மக்கர் செய்யும். புது பிளக்கை முதலில் விரலாலேயே திருகுங்கள். ஸ்பேனர் கடைசியில்தான். இன்ஜின் ஹெட் அலுமினியம். மரை போனால் செலவு பிளக் விலையோடு நிற்காது!

இப்போது என் மனம் கவர்ந்த பாகம். கார்பன் பிரஷ்! விரல் நுனி அளவுக் கரித்துண்டு. ஸ்பிரிங் அதை ரோட்டார் எனும் சுழலும் பாகத்தின் வளையத்தின்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம். கிராஃபைட் தனக்குத் தானே வழவழப்பு!

அது தேய்வது கோளாறே அல்ல. தேய்வதற்காகவே செய்த பொருள் அது! பிரஷ் தேய்ந்து ரோட்டாரைக் காப்பாற்றுகிறது. மாற்றும்போது ஒன்று செய்யுங்கள். கழற்றும் முன் எந்த ஒயர் எந்தப் பக்கம் என்று செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

மின்சாரம் உண்டாகக் காந்தப்புலம் வேண்டும். ரோட்டாரில் காந்தப்புலம் உண்டாக மின்சாரம் வேண்டும். அப்படியானால் முதல் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ரோட்டார் இரும்பில் போன தடவை ஓடியபோது மிச்சமான துளிக் காந்தத்திலிருந்து! வெர்னர் சீமென்ஸ் இந்த உத்தியில் டைனமோ செய்தது 1866-ல்!

மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் அந்தத் துளியும் மங்கிவிடும். இன்ஜின் கர்ஜிக்கும், பல்பு எரியாது! விவரம் தெரிந்த மெக்கானிக் 12 வோல்ட் பேட்டரியைச் சில நொடி தொட்டுக் காட்டுவார். வோல்டேஜ் திரும்பிவிடும்!

சில மாடல்களில் பிரஷ்ஷே இல்லை. கெப்பாசிட்டர்தான். இன்ஜினை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்சாரம் காத்திருக்கும். தொட்டால் ஷாக்!

1 லிட்டர் பெட்ரோல் எரியச் சுமார் 9,000 லிட்டர் காற்று தேவை! அத்தனையும் நுழைவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டர் வழியாக. சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். முறுக்காமல் அழுத்திப் பிழியுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்ததும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பிழியுங்கள். தூசியைப் பிடிப்பது ஸ்பாஞ்சைவிட அந்த எண்ணெய்ப் பசைதான்!

கார்புரேட்டர் ஜெட்டின் துளை 1 மில்லிமீட்டர்கூட இல்லை! கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊசி முனை போல ஒளி தெரிந்தால் சுத்தம். தெரியாவிட்டால் பழைய பெட்ரோல் பிசின் அடைத்திருக்கிறது. கம்பி விட்டுக் குடையவே கூடாது. பித்தளை மென்மையானது. துளை துளியூண்டு பெருத்தாலும் பெட்ரோல் கணக்கே மாறிவிடும்!

அடைப்பே வராமலிருக்க ஒரு வழி. எடுத்து வைக்கும் முன் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அவ்வளவுதான்!

பைக்குக் கிலோமீட்டர் கணக்கு. ஜெனரேட்டருக்கு மணிக் கணக்கு! ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினுக்கு முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை. பிடிப்பதோ 0.6 லிட்டர்தான்!

சரிவான தரையில் வைத்தால் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்! ஆயில் சென்சார் 'ஆயில் குறைவு' என்று எண்ணிப் பொறியை நிறுத்திவிடும். கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் சமதளத்தில் வைத்துப் பாருங்கள்!

ஸ்டார்ட்டர் கயிறு மாற்றப் போகிறீர்களா? உள்ளே சுருண்டிருக்கிறது எஃகுப் பட்டை ஸ்பிரிங். பிடி நழுவினால் முகத்தை நோக்கிச் சீறும். கண்ணாடி, கையுறை கட்டாயம்!

பழுது பார்த்த கையோடு ஜெனரேட்டரை வீட்டு பிளக் பாயின்ட்டில் செருகிவிடாதீர்கள். அந்த 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வழியே பின்னோக்கிப் போனால் 11,000 வோல்ட்டாக ஏறக்கூடும்! கம்பத்தில் நிற்பவர் லைன்மேன். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது!

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்! ஓட்டிப் பார்ப்பது வராண்டாவில் வேண்டாம், மாடிப்படிக்குக் கீழேயும் வேண்டாம். வெட்டவெளியில், வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள்!