மோட்டாரின் வெப்பமும் மாற்றுறுப்புத் தேர்வும்

நீரின்றி வாழும் உயிர் இவ்வுலகில் இல்லை. மோட்டார் வண்டிக்கு உயிரில்லையாயினும் அதற்கும் நீர் இன்றியமையாததேயாம். இவ்வுண்மையைத் திற்பரப்பில் யாம் நேரிற் கற்றோம்.

சென்ற ஆண்டு எம் வகுப்பினர் பதின்மர் திற்பரப்பு அருவியில் நீராடிப் பேச்சிப்பாறை அணையைக் காணும் அவாவோடு வாடகை வேனொன்றில் ஏறினோம். ரப்பர்த் தோட்டங்களினூடே செல்லும் மேட்டுச் சாலையில் வண்டியின் முன்புறத்தினின்று நீராவி பொங்கிற்று. எம்முள் ஒருவர் மூடியைத் திறக்க விரைந்தார். “மக்களே, மூடியில கைய வச்சிராதீங்க!” என்று ஓட்டுநர் அண்ணாச்சி கூவித் தடுத்தார். அக்குரல் ஒரு நொடி தாழ்ந்திருப்பின் எம் நண்பரின் முகம் வெந்திருக்கும். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தபோது அவர் தம் குறையை உரைத்தார். முந்திய மாதம் வெப்பம் மிகுந்ததாம். யாரோ சொற்கேட்டுத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தனராம். வாய்க்குப் பொருந்திய மலிவான மூடியொன்றையும் மாட்டினராம். சில ரூபாய் மிஞ்சிற்று. பின்னரோ சிலிண்டர்த் தலைப்பின் கேஸ்கெட் எரிந்து வண்டி நின்றது. வண்டி நிற்க, வருவாயும் நின்றது. இத்தகைய இழப்பு பிறர்க்கு நேராதிருத்தற் பொருட்டே இதனை எழுதலானோம்.

எரிபொருள் தரும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை; பெரும்பகுதி புகையோடும் நீரோடும் கழிகின்றது. எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீரைப் பம்பு உந்துகின்றது. ரேடியேட்டரின் நுண்குழாய்களில் அந்நீர் காற்றுப்பட்டுக் குளிர்ந்து மீள்கின்றது. கார்ல் பென்ஸ் அமைத்து 1886இல் காப்புரிமை பெற்ற வண்டியில் நீர் கொதித்து ஆவியாய்ப் போயிற்று. ஆகலின் 1888இல் அவர்தம் மனைவி பெர்தா நெடும்பயணம் சென்றபோது வழிநெடுக நீர் வார்க்க நேர்ந்தது. பின்னர் மேபாக் என்பார் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வகுத்து இக்குறையை நீக்கினார்.

இனி உறுப்புகளைத் தேர்தல் எவ்வாறு எனின், முதற்கண் தெர்மோஸ்டாட்டை நோக்குவாம். திற்பரப்பு அருவிக்கு மேலே, வயலுக்கு நீர் வழங்கும் தடுப்பணை உண்டன்றோ? அஃது ஆற்றுக்கு ஆற்றும் பணியையே இச்சிறு கருவி எஞ்சினுக்கு ஆற்றுகின்றது. நீர் போதிய சூடேறும்வரை ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை அடைத்து நிற்கும். ஏறியபின் உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிய, மதகு திறக்கும். பெரும்பாலும் 80 முதல் 90 டிகிரி செல்சியசுக்குள் இது திறக்கத் தொடங்கும். பல எஞ்சின்களில், இது திறக்கும்போதே பக்கவழியை அடைக்கவும் செய்யும். இதனைக் கழற்றிவிட்டால் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைக் காணாமலே திரும்பிவிடும். குளிர்ச்சி வேண்டிச் செய்தது வெப்பத்துக்கே துணையாகும். ஆகவே, கையேட்டிற் குறித்த அதே வெப்ப எண்ணுடையதையே வாங்குக. பழையதைச் சட்டியில் நீர் காய்ச்சி அதிலிட்டுத் திறக்கின்றதா எனச் சோதித்தறியலாம்.

அடுத்தது மூடி. இது வெறும் மூடியன்று. அழுத்தத்தைக் காக்கும் காவலன். திறந்த கலத்தில் 100 டிகிரியிற் கொதிக்கும் நீர், ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடின் ஏறத்தாழ 120 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் மேற் பொறித்த எண் குறைந்தால் நீர் முந்திக் கொதிக்கும். மிகுந்தால் குழாயோ ரேடியேட்டரோ வெடிக்கும். வாய் பொருந்தினாற் போதாது. எண்ணும் பொருந்தல் வேண்டும்.

ரப்பர்க் குழாயைப் பற்றி நம் நாட்டார்க்கு ஒரு வியப்பு உண்டு. குலசேகரத்து மரங்களிற் சுரக்கும் பால் டயருக்குச் சிறந்ததாயினும், இடையறாத வெப்பத்தைத் தாங்காது. ஆதலின் இக்குழாய்கள் இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரால் ஆகின்றன. அதற்கும் எண்ணெய் பகையாகும். அமுக்கினால் மெத்தென்று குழைவதையும், வெடிப்புற்று இறுகியதையும் உடனே மாற்றுக.

ரேடியேட்டர் வாங்குங்கால் அகல உயரத்தோடு உள்ளடுக்கின் தடிப்பையும் ஒப்பிடுக. பழைய வண்டிகளிற் செம்பும் பித்தளையும், புதியவற்றில் அலுமினியமும் வழங்குதலின், அவற்றைக் காக்கும் கூலண்டும் வேறுபடும். நிறத்தைக் கண்டு கூலண்டைத் தேராதீர், நிறம் சாயமே. கையேட்டின் குறிப்பே சான்று. கிணற்று நீரின் உப்பு நுண்குழாய்களிற் படியுமாதலின் காய்ச்சி வடித்த நீரையே கலக்குக.

இவையனைத்திற்கும் முற்பட்டது நோயறிதலாம். ஒழுக்கு எங்குளது, விசிறி சுழல்கின்றதா, பெல்ட் தளர்ந்துளதா என்று ஆராயாமல் உறுப்பை மாற்றுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதனோடொக்கும். மலிவான மூடியால் மிஞ்சிய சில ரூபாய்க்கு அண்ணாச்சி ஈந்த விலையைக் கண்ணாரக் கண்டோம். வண்டியை நம்பிப் பிழைப்போரும் அதில் ஏறுவோரும் இதனை மறவாதிருப்பாராக.