ஓரெழுத்து மாற்றமும் ஒரு நோயும்

மனித உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழை நான்கே வேதி எழுத்துகளால் ஆனது. ஏறத்தாழ 300 கோடி எழுத்திணைகள் கொண்ட அதன் முழுமையே ஜீனோம் எனப்படும் மரபணுத் தொகுதி. ஒரு புரதத்தை ஆக்கும் கட்டளை அடங்கிய பகுதி மரபணு ஆகும்.

பதினோராம் குரோமோசோமில், ஹீமோகுளோபினுக்குரிய மரபணு ஒன்றில் ஓரெழுத்து மாறுவதே அரிவாள் அணுச் சோகையின் மூலம். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைப்பதால் கடும் வலி உண்டாகிறது. 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் இம்மாற்றம் கண்டறியப்பட்டது. முதலமடை அமைந்துள்ள பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியிலும் இந்நோய் உண்டு.

மாறிய மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தையே இந்நோய்க்கு ஆளாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். கடும் மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு காப்பும் உண்டு. அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

2047-க்குள் இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023-இல் தொடங்கப்பட்டது. 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. பரிசோதனைக்குச் சில துளி இரத்தம் போதும். ஆயினும், முடிவு எவர்க்கும் இழிவாகிவிடாதவாறு மக்களின் மொழியிலேயே அதனை விளக்கிக் கூறுவது இன்றியமையாதது. குறை மரபணுவில் உள்ளதேயன்றி மனிதரிடம் இல்லை.