வாடகை வீட்டில் தீப்பிடித்தால் நஷ்டம் யாருக்கு?



வாடகை வீட்டில் தீப்பிடித்தால், அணைந்த மறுநாளே பேச்சு கிளம்பிவிடும். "உள்ளே இருந்தது நீங்கள்தானே, நீங்களே செலவைக் கொடுங்கள்" என்பார் வீட்டுக்காரர். "எல்லாம் தக்தீர், நாங்கள் என்ன செய்ய?" என்பார் குடியிருப்பவர். இரண்டும் சரியல்ல.

தீ எதனால் வந்தது என்பதுதான் கேள்வி. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். நாள்பட்ட தேய்மானமும், தடுக்க முடியாத சக்தியால் வந்த சேதமும் விலக்கு. தீயால் வீடு இனி குடியிருக்கவே லாயக்கில்லை என்றானால், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. அவருடைய தவறால் மூண்ட தீ என்றால் அந்த உரிமை இல்லை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் கதை மாறும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நம் ஃபிக்ஹிலும் வாடகை வீடு குடியிருப்பவர் கையில் அமானத். வரம்பு மீறினாலோ அலட்சியம் செய்தாலோதான் அவர்மேல் ஈடு.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் வயரிங் வேலையை உரிமையாளர் பொறுப்பிலும், சுவிட்ச், பிளக் பாயின்ட் பழுதைக் குடியிருப்பவர் பொறுப்பிலும் வைத்திருக்கிறது. நம் முசிறியின் பழைய ஓட்டு வீடுகளில் இது முக்கியம். வயர் கருகும் வாடை வந்தால் வாயால் சொன்னது போதாது, வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். அதே பழைய வயரிங்கில் கேட்காமல் ஏசி மாட்டினால், பொறுப்பு உங்கள் பக்கம் திரும்பும்.

கேஸ் விஷயம் பலருக்குத் தெரியாது. இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எண்ணெய் நிறுவனங்களே காப்பீடு எடுத்துள்ளன. சிலிண்டர் விபத்தில் உயிரிழந்தால் ஒருவருக்கு 6 லட்சம், சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய். சொத்துச் சேதத்துக்கான தொகை ஏஜென்சியில் பதிவான முகவரிக்கு மட்டுமே. வீடு மாறியும் பழைய முகவரியிலேயே புக்கை வைத்திருப்பவர்கள் இந்த வாரமே மாற்றுங்கள். விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

உரிமையாளர் எடுத்த காப்பீடு உங்கள் பாத்திரம், துணிமணிக்கு வராது. அவருக்கு ஈடு கொடுத்த கம்பெனி, தவறு உங்களுடையது என்றால் உங்களிடமே வசூலிக்கவும் வரலாம்.

தீ அணைந்ததும் கூட்டிப் பெருக்க அவசரப்படாதீர்கள். கருகிய இடத்தைப் படம் எடுங்கள். தீயணைப்பு நிலையத்தில் மனு கொடுத்து அறிக்கை வாங்குங்கள். ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசும்போது நாங்களும் முதலில் கேட்பது அந்த அறிக்கையைத்தான்.