சொல்லாமல் விட்ட நோய்: அயல்நாட்டுக் கடவுச்சீட்டுடன் நம் இல்லத்தில் வாழ்வோரின் மருத்துவக் காப்பீடு

சில மாதங்களுக்கு முன், ஓர் இரவு பதினொரு மணியளவில், 67 வயது அம்மையார் ஒருவர் நெஞ்சுவலியுடன் எங்கள் அவசரப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். அவரை எவரும் அடையாளம் காணாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை இங்கு மாற்றியிருக்கிறேன். மலேசியாவின் ஈப்போ நகரில் பிறந்து வளர்ந்தவர். கணவர் மறைந்த பிறகு, திருச்சிராப்பள்ளியில் உள்ள தம்பியின் குடும்பத்தோடு வாழ வந்தவர். இதயத் துடிப்பு வரைபடத்தில் மாற்றங்கள் தெரிந்தன. வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சர்க்கரை நோய் உண்டா? இரத்த அழுத்தம்? சிறுநீரகக் கோளாறு? வேறு மாத்திரைகள்?

எல்லாவற்றுக்கும் தம்பியின் மகனே விடை அளித்தார்: "எதுவும் இல்லை, டாக்டர். அத்தை இதுவரை ஆஸ்பத்திரிக்கே போனதில்லை." அம்மையார் மகனைப் போன்ற அந்த இளைஞரின் முகத்தைப் பார்த்தார்; பின் கண்களை மூடிக்கொண்டார்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசியைச் செலுத்தினோம். அவ்வூசியின் அளவு சிறுநீரகத்தின் திறனைப் பொறுத்தது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடலில் தேங்கும். உட்குருதிக் கசிவு ஏற்படலாம். ஆய்வகத்திலிருந்து முடிவு வருவதற்குள், செவிலியர் அம்மையாரின் கைப்பையில் ஒரு சிறு குறிப்பேட்டைக் கண்டெடுத்தார். ஈப்போவில் அரசு மருத்துவ நிலையம் ஒன்றின் முத்திரையுடன், பதினொரு ஆண்டுச் சர்க்கரை நோயும், மூன்று ஆண்டுகளாகக் குறைந்துவரும் சிறுநீரகத் திறனும் அதில் தேதிவாரியாகப் பதிவாகியிருந்தன. அடுத்த ஊசியின் அளவைக் குறைத்தோம். இரத்தக் குழாய்ப் படம் எடுக்கப் பயன்படும் சாய மருந்தையும் இயன்ற அளவு குறைத்தோம். அவர் பிழைத்தார்.

இளைஞர் தீய எண்ணத்தால் பொய் சொன்னவர் அல்லர். ஐந்து மாதங்களுக்கு முன் அத்தைக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தார். "நோய் உண்டு என்று எழுதினால் கிடைக்காது; இல்லை என்று எழுதிவிடுங்கள்" என்று யாரோ சொன்ன அறிவுரையை நம்பி, எல்லாக் கட்டங்களிலும் "இல்லை" என்று குறித்திருந்தார். படிவத்தில் எழுதிய பொய்யை மருத்துவரிடமும் காக்க வேண்டிய நிலை அவருக்கு அன்றிரவு வந்தது. என் பிழையும் இதில் உண்டு. நான் கேள்வியை அம்மையாரிடம் கேட்டுவிட்டு, விடையை வேறொருவரிடமிருந்து பெற்றுக்கொண்டேன்.

இந்தக் கட்டுரையின் கருத்து இதுதான்: காப்பீடு வேண்டும், உடல்நலத்தோடு இருக்கும்போதே வேண்டும், ஆனால் அது உண்மையின் மேல் எழுதப்பட வேண்டும்.

யாரும் கேட்பதில்லை, ஆகவே யாரும் எடுப்பதில்லை

சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு ஆகிய நகரங்களுக்கு நேரடி வானூர்தி வசதி உள்ள ஊர் நம்முடையது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் நீண்டகாலம் தங்கியிருக்கும் இல்லங்கள் இங்கு ஏராளம். பலரிடம் ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை உள்ளது. இந்தியரை மணந்து நுழைவு விசாவில் வாழ்வோரும், மாணவர் விசாவில் படிப்போரும் உள்ளனர்.

தாய்லாந்து போன்ற நாடுகளில் ஓய்வுபெற்றோருக்கான சில நீண்டகால விசாக்களைப் பெற மருத்துவக் காப்பீட்டைக் காட்ட வேண்டும். அங்கு 2019 முதல் இவ்விதி நடப்பில் உள்ளது. ஐரோப்பிய நாடுகள் பலவும் அவ்வாறே கேட்கின்றன. ஓ.சி.ஐ. அட்டை பெறுவதற்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. கேட்பாரில்லாததால் இது மறக்கப்படுகிறது. முதல் நெஞ்சுவலியோ, முதல் எலும்பு முறிவோ வரும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஓ.சி.ஐ. அட்டை வாழ்நாள் விசாவே ஆகும், குடியுரிமை அன்று. அதை வைத்திருப்பவர், குடிமக்களுக்கென வகுக்கப்பட்ட நலத்திட்டங்களுக்கும் தாம் உரியவர் என எண்ணிவிடலாகாது. இந்தியாவில் 182 நாட்களுக்கு மேல் வாழ்ந்த அயல்நாட்டவர் ஆதார் எண் பெறலாம். ஆதாரும் குடியுரிமைச் சான்று ஆகாது.

பிறந்த நாட்டின் காப்பீடு இங்கு வருமா?

"அங்கே எல்லாம் இலவசம், டாக்டர்" என்று பலர் சொல்வர். அங்கே என்பதே அதன் எல்லை. சிங்கப்பூரின் மெடிஷீல்டு லைஃப் திட்டம் வெளிநாட்டில் பெறும் சிகிச்சைக்குப் பொருந்தாது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை இந்திய மருத்துவமனையின் கட்டணத்தைச் செலுத்தாது. அமெரிக்காவின் மெடிகேர், மிகச் சில விலக்குகள் தவிர, நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் காப்பீடு தொடர வேண்டுமெனில், பொதுவாக 12 மாதங்களில் 153 நாட்களாவது அம்மாகாணத்தில் இருந்திருக்க வேண்டும். நம் ஊரில் நெடுநாள் தங்கும் மூத்தோர், திரும்பிச் செல்லும்போது அங்கும் உரிமை இழந்திருக்கக் கூடும்.

பயணக் காப்பீடு என்பது வேறு. அது குறுகிய பயணத்தில் எதிர்பாராது நேரும் அவசரத்துக்கானது. முன்பே உள்ள நோய்களைப் பெரும்பாலும் விலக்கிவிடும். குறித்த நாட்களுக்குப் பின் முடிந்துவிடும். மாதந்தோறும் வாங்க வேண்டிய மாத்திரைக்கும், வாரந்தோறும் செய்ய வேண்டிய டயாலிசிஸுக்கும் அது துணைவராது. தூதரகங்கள் மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்துவதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

இங்குள்ள அரசுத் திட்டங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குரியது. குடும்ப அட்டையின் அடிப்படையில் சேர்க்கை நடைபெறுகிறது. அயல்நாட்டுக் கடவுச்சீட்டுடன் தங்கியிருக்கும் உறவினர் இதில் சேர இயலாது. ஆனால் மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்கள் வருமான வரம்பின்றி இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். இதை அறியாமல் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட முகாம் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்காகவே இதை இங்கு அழுத்திச் சொல்கிறேன்.

சாலை விபத்துக்கு வேறு வழி உண்டு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி, மாநில எல்லைக்குள் விபத்தில் காயமுற்ற எவருக்கும், அவர் வேற்று நாட்டவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படும். 108 ஆம்புலன்ஸும் எவருக்கும் இலவசமே. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலுதவி மறுக்கப்படலாகாது என்பதை 1989ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே, கடவுச்சீட்டையோ காப்பீட்டு அட்டையோ தேடிக்கொண்டு வீட்டில் தாமதிக்காதீர்கள். நோயாளி முதலில் வரட்டும். தாள்கள் பின்னால் வரட்டும்.

தனியார் காப்பீடு: அறிய வேண்டியவை

இந்திய நிறுவனங்கள் சில, இங்கு வசிக்கும் அயல்நாட்டவருக்கும் ஓ.சி.ஐ. அட்டையுடையோருக்கும் பாலிசி வழங்குகின்றன. கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் விசா அல்லது ஓ.சி.ஐ. அட்டை, உள்ளூர் முகவரிச் சான்று ஆகியவற்றைக் கேட்பர். அவை பெரும்பாலும் இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கே செல்லும்.

65 வயதைக் கடந்தால் புதிய பாலிசியே கிடைக்காது என்ற பழைய எண்ணத்தைக் கைவிடலாம். 2024 ஏப்ரல் முதல் எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசிகளை நிறுவனங்கள் அளிக்க வேண்டுமெனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது. எனினும் உடல்நிலையைக் கருதி ஒரு நிறுவனம் மறுக்கலாம். தவணைத் தொகையை உயர்த்தலாம்.

காத்திருப்புக் காலத்தை நன்கு புரிந்துகொள்ளுங்கள். விபத்து தவிர்த்து, முதல் 30 நாட்களுக்குப் பொதுவாக எந்த இழப்பீடும் இல்லை. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெற்ற நோய் "முன்பே உள்ள நோய்" எனப்படும். அதற்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதங்கள். கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனிக் காத்திருப்பு இருக்கலாம். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்த பின், மோசடி நிறுவப்பட்டாலன்றி, நோயைச் சொல்லவில்லை என்று காட்டிக் கோரிக்கையை மறுக்க இயலாது. பாலிசி கைக்கு வந்ததும் முழுமையாகப் படியுங்கள். பொருந்தவில்லை எனில் 30 நாட்களுக்குள் திருப்பி அளிக்கலாம்.

அறை வாடகை வரம்பையும் கேட்டறியுங்கள். வரம்பை மீறிய அறையில் தங்கினால், அறை வாடகையோடு நில்லாமல், மருத்துவர் கட்டணம் உள்ளிட்ட பிற இனங்களும் அதே விகிதத்தில் வெட்டப்படும் பாலிசிகள் உண்டு. நோயாளி ஏற்க வேண்டிய பங்குத் தொகை எவ்வளவு என்பதையும் முன்னரே அறிந்துகொள்ளுங்கள்.

"கொஞ்சம் மாற்றி எழுதுங்கள், டாக்டர்"

இந்த வேண்டுகோளை மாதந்தோறும் கேட்கிறேன். "பத்து வருஷச் சர்க்கரை என்று போடாதீர்கள், இப்போதுதான் கண்டுபிடித்தோம் என்று போடுங்கள்." கேட்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் என்னால் இயலாது. சட்டம் அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கேஸ் ஷீட் என்பது அடுத்த பணிமுறையில் வரும் மருத்துவரும் செவிலியரும் நம்பிச் செயல்படும் ஆவணம் என்பதே. அதில் ஒரு பொய் இருந்தால், அந்த இரவில் நடந்ததைப் போல், மருந்தின் அளவே பிழையாகும்.

பொருளாதார நோக்கில் பார்த்தாலும் மறைத்தல் இலாபமன்று. அம்மையாரின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, பாலிசியும் நீக்கப்பட்டது. உண்மையை எழுதியிருந்தாலும் ஐந்தாம் மாதத்தில் இந்தச் செலவு கிடைத்திருக்காது என்பது மெய்யே. ஆனால் நிறுவனம் ஏற்றிருந்தால் பாலிசி உயிரோடு இருந்திருக்கும். டெங்குக் காய்ச்சலுக்கும் கால் எலும்பு முறிவுக்கும் அது உதவியிருக்கும். மூன்று ஆண்டுகளுக்குப் பின் சர்க்கரைக்கும் உதவியிருக்கும். "இல்லை" என்று குறித்த பேனா, இவை அனைத்தையும் சேர்த்தே அடித்துவிட்டது. தம்பி தம் மனைவியின் நகைகளை அடகு வைத்துக் கட்டணத்தைச் செலுத்தினார். தம்மால் வந்த சுமை என்று அம்மையார் பல நாட்கள் சரியாக உண்ணவில்லை. அந்தத் துயரத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

காப்பீடு கிடைக்காதவர் என்ன செய்யலாம்?

சிலருக்கு எந்த நிறுவனமும் பாலிசி தராது. அவர்கள் மூன்று செயல்களைச் செய்யலாம். தவணைக்குச் செலுத்தியிருக்கக்கூடிய தொகையை மாதந்தோறும் தனிக் கணக்கில் சேர்த்து, மருத்துவச் செலவுக்கன்றி வேறெதற்கும் தொடாதிருக்கலாம். வரக்கூடிய சிகிச்சைக்கான உத்தேசச் செலவை மருத்துவமனையிடம் முன்னதாகவே எழுத்தில் கேட்டுப் பெறலாம். திட்டமிட்டுச் செய்யக்கூடிய அறுவை சிகிச்சையைப் பிறந்த நாட்டில் குறைந்த செலவில் செய்துகொள்ள வழியிருந்தால், உடல் பயணத்தைத் தாங்கும்போதே அதை முடித்துக்கொள்ளலாம். இதைச் சொல்வதில் ஒரு மருத்துவருக்கு வெட்கம் வேண்டியதில்லை.

ஒரு கோப்பு, ஒரே இடத்தில்

அயல்நாட்டு உறவினர் உள்ள இல்லத்தில் ஒரு கோப்பு இருக்கட்டும். அதில் வைக்க வேண்டியவை:

– கடவுச்சீட்டு, விசா அல்லது ஓ.சி.ஐ. அட்டையின் நகல்கள். உள்நோயாளியாகச் சேரும் அயல்நாட்டவர் பற்றிய விவரத்தை மருத்துவமனை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இது வழக்கமான நடைமுறை, அஞ்ச வேண்டியதன்று.

– பதிவுச் சான்று. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருவோர் பொதுவாக 14 நாட்களுக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலரிடம் இணையவழி பதிந்துகொள்ள வேண்டும். ஓ.சி.ஐ. அட்டையுடையோருக்கு இது தேவையில்லை. சிகிச்சையின் நடுவில் விசா முடிவதாயின் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். நீட்டிப்பு விண்ணப்பத்துடன் இணைக்க மருத்துவச் சான்று தருவோம்.

– பாலிசியும், நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தின் நகலும். முகவர் நிரப்பினாலும் கையொப்பம் உங்களுடையது; படித்த பின்பே ஒப்பமிடுங்கள்.

– பிறந்த நாட்டு மருத்துவக் குறிப்புகள், மாத்திரைகளின் பெயர், அளவு, ஒவ்வாமை.

காப்பீட்டு நிறுவனத்துடன் இணைந்த மருத்துவமனையில் சேர்ந்தால், ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான விண்ணப்பத்துக்கு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் விடை அளிக்க வேண்டும் என்பது விதி. இக்கோப்பு கையில் இருந்தால் எங்கள் காப்பீட்டுப் பிரிவினரின் பணி விரைவாகும்.

அன்றிரவுக்குப் பின், நோயாளி பேசும் நிலையில் இருந்தால், குடும்பத்தினரைச் சில நிமிடங்கள் வெளியே இருக்கச் சொல்லி அவரிடமே தனியாகக் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம் எனக் குடும்பத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மையார் இப்போதும் மாதம் ஒருமுறை மறுபரிசோதனைக்கு வருகிறார். அந்த இளைஞரே அழைத்து வருகிறார். நாற்காலியில் அமர்ந்ததும், நான் கேட்பதற்கு முன்பே, அத்தையின் பையிலிருந்து அந்த ஈப்போ குறிப்பேட்டை எடுத்து என் மேசைமேல் விரித்து வைக்கிறார்.