குண்டு எங்கே போய் நிற்கும்?



ஒலிம்பிக் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "நாங்களும் ரைபிள் கிளப்பில் சேரட்டுமா?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். 2012-இல் லண்டனில் விஜய்குமார் வெள்ளிப் பதக்கம் வென்றது 25 மீட்டர் விரைவுச் சுடுதலில்தான். ஐந்து இலக்குகள், ஐந்து குண்டுகள். முதலில் எட்டு விநாடி, பிறகு ஆறு, பிறகு நான்கே விநாடி. இதைக் கெட்ட விளையாட்டு என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் பிள்ளையைச் சேர்த்துவிடும் முன் பெற்றோர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும்.

இதில் பயன்படுவது அரைத் தானியங்கித் துப்பாக்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு பாயும். காலித் தோட்டாக்கூடு வெளியே தெறிக்க, அடுத்த தோட்டா தானாகவே உள்ளே ஏறிக்கொள்ளும். ஆகவே மேகசினைக் கழற்றிய பிறகும் குழலின் அறைக்குள் ஒரு தோட்டா இருக்கலாம். அதனால்தான் சுட்டு முடித்ததும் அறையைத் திறந்து காட்டி, அதில் வண்ணக் கொடி ஒன்றைச் செருகி வைக்கிறார்கள்.

சில வேளை தோட்டா சிக்கிக்கொள்ளும். புதியவர் என்ன செய்வார்? "சுடவில்லையே" என்று துப்பாக்கியோடு பயிற்சியாளர் பக்கம் திரும்பிவிடுவார். கூடவே கூடாது! குழல் இலக்கையே நோக்கியிருக்க, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, மறு கையை உயர்த்த வேண்டும். பனியன் கம்பெனியில் நூல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தாமல் ஊசியருகே விரலைக் கொண்டுபோக விடுவோமா? இரும்பு வலைக் கையுறை இல்லாமல் கட்டிங் மெஷினைத் தொடுபவருக்குத் திட்டு விழும். இந்த ஒழுங்கு நம் ஊருக்குப் புதிதல்ல.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனாவில், சுற்றுலாப் பயணிகள் வரும் ஒரு சுடுதளத்தில், ஒன்பது வயதுச் சிறுமியிடம் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். பின்னுதைப்பில் அது அவள் பிடியை மீறி எகிறியது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் குண்டு பாய்ந்து இறந்தார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நம் தமிழ்நாட்டில் நடந்ததை மறந்துவிட்டோமா? 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த சுடுதளத்தில் அன்று பாதுகாப்புப் படையினரின் பயிற்சி. 2022 ஜனவரி 3 அன்று சிறுவன் இறந்தான். அது பொழுதுபோக்குச் சுடுதல் அல்லதான். ஆனால் விளையாட்டுக்குப் பயன்படும் சிறிய .22 தோட்டாவின் குண்டே ஒன்றரைக் கிலோமீட்டரையும் தாண்டக்கூடியது. தக்க காரணமின்றிப் பிறரை உயிராபத்துக்கு உள்ளாக்குவதையும், திருஅவையின் மறைக்கல்வி நூல் (எண் 2269) கொலை செய்யாதே என்ற கட்டளையின் கீழேயே வைக்கிறது.

ஆகவே கிளப்பைப் பார்க்கப் போனால், கோப்பைகள் அடுக்கிய அலமாரியோடு திரும்பிவிடாதீர்கள். சுடுதல் நடக்காத வேளையில் அனுமதி பெற்று இலக்குக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். மண்மேடு எவ்வளவு உயரம்? அதற்கு அப்பால் யார் வீடு, யார் தோட்டம்? "நிறுத்து" என்றதும் எல்லாரும் நிறுத்துகிறார்களா? காதுக்கும் கண்ணுக்கும் கவசம் தருகிறார்களா? ஈயத் துகள் கையில் ஒட்டும் என்பதால், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லியும் அனுப்புங்கள்.