விஞ்ஞான வகுப்பில் உடன்பயிலல்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கன் கல்வி நிரம்பும் முறையைக் கணக்கிட்டுக் கூறுகின்றது. ஆசிரியர் உரைத்ததனை முற்றக் கொண்டானாயினும் அவனுக்கு வாய்ப்பது காற்பங்கே. உடன் கற்போரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதனைப் பிறர்க்குத் தானே எடுத்துரைக்குங்கால் நிரம்பும் என்பது அதன் கருத்து. இலக்கண நூலொன்று கூறிய இவ்வுண்மையை இக்காலப் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான வகுப்புகள் பரிசோதனை வாயிலாகக் கண்டறிந்த வரலாறு அறியத்தக்கது.

விஞ்ஞானமும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளில் நெடுங்காலமாக நிலவிவரும் முறை விரிவுரையாகும். ஆசிரியர் கரும்பலகையருகே நின்று சமன்பாடுகளை நிறுவிச் செல்வார். மாணாக்கர் அவற்றைக் குறிப்பேட்டிற் பெயர்த்தெழுதுவர். ஆசிரியர் தெளிவாகப் பேசின் மாணாக்கரும் தெளிவடைந்தனர் என்று இரு சாராரும் கருதுவது இயல்பு. அக்கருத்து எத்துணை வலுவற்றது என்பதை அமெரிக்காவிலுள்ள ஹாவார்ட் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் தம் வகுப்பிலேயே கண்டார்.

1984 இல் கற்பிக்கத் தொடங்கிய அவர் மாணாக்கரின் பெரும் பாராட்டைப் பெற்றவர். அவர்கள் கடினமான கணக்குகளையும் செய்துமுடித்தனர். ஆயினும் 1990 அளவில், ஹலூன், ஹெஸ்டனிஸ் என்னும் இருவர் 1985 இல் வெளியிட்ட ஆய்வு அவர் பார்வைக்கு வந்தது. நியூற்றன் விதிகளைக் கற்ற பின்னரும் மாணாக்கர் பலர் விசை பற்றிய தம் பழைய பிழைக் கருத்துக்களைக் கைவிடுவதில்லை என்பது அவ்வாய்வின் முடிபு.

பாரமான லொறியொன்று சிறிய காரொன்றுடன் மோதுங்கால் எது கூடிய விசையைச் செலுத்தும் என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றன்மீதொன்று சமமான விசையையே செலுத்தும் என்பது மூன்றாம் விதி. அவ்விதியைப் பிழையின்றி ஒப்புவிப்போரும் லொறியே கூடிய விசையைச் செலுத்துமென விடையிறுத்தலுண்டு. கார் தூக்கியெறியப்படுவதை அவர்கள் அறிவர். ஆனால் அது விசையின் வேற்றுமையாலன்று, சமமான விசை சிறிய திணிவுக்குப் பெரிய ஆர்முடுகலைத் தருவதாலேயே என்பதைத் தாமாகச் சிந்தித்துப் பார்த்தவரல்லர். மசூர் இத்தகைய வினாக்களைத் தம் மாணாக்கரிடம் கொடுத்தபோது, கற்பித்தவாறு எழுதுவதா, தாம் வழக்கமாக நினைக்குமாறு எழுதுவதா என்று ஒருவர் வினவினாராம். கற்பித்தது உள்ளத்தைத் தொடவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வினாவொன்றை இருமுறை விளக்கியும் பலர் மயங்கியிருக்கக் கண்ட மசூர், அயலில் இருப்போருடன் கலந்துரையாடுமாறு பணித்தார். வகுப்பில் ஆரவாரம் எழுந்தது; சில நிமிடங்களில் விடையும் தெளிவாயிற்று. இதன் காரணம் நுட்பமானது. ஒன்றை நெடுங்காலம் அறிந்தவர், அதனை முதன்முதற் கற்றபோது தாம் இடறிய இடத்தை மறந்துவிடுகின்றார். சற்று முன்னர் விளங்கிக்கொண்ட மாணாக்கனோ அவ்விடத்தை நன்கறிவான். ஆதலின் தோழனின் ஐயத்தை எளிதில் தீர்க்கின்றான்.

1991 முதல் மசூர் இதனை ஒரு முறையாகவே வகுத்துக்கொண்டார். சிறிது நேரம் விளக்கவுரை. பின்னர்க் கருத்தைச் சோதிக்கும் வினா ஒன்று. ஒவ்வொருவரும் தனித்துச் சிந்தித்து விடையைத் தெரிவிப்பர், வேறு விடை கூறியவரோடு வாதிப்பர், மீண்டும் விடையளிப்பர், இறுதியில் ஆசிரியர் விளக்குவார். முதலில் தனியே ஒரு விடையைத் துணிந்து கூறியவனுக்கே பின்னர் வாதிக்கும் ஊக்கம் பிறக்கும். ஆதலின் இம்முறையில் வரிசை மாறலாகாது.

இதன் பயன் ஒரு வகுப்போடு நின்றதன்று. ரிச்சாட் ஹேக் என்பவர் 1998 இல், பௌதிக வகுப்புகள் 62 இல் பயின்ற 6,542 மாணாக்கரின் பேறுகளை ஒப்பிட்டார். அடையக்கூடிய முன்னேற்றத்தில் நூற்றுக்கு 23 பங்கையே விரிவுரை வகுப்புகள் சராசரியாக அடைந்தன. மாணாக்கர் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகள் 48 பங்கை அடைந்தன. 2014 இல் ஸ்கொட் பிறீமனும் அவர்தம் துணைவரும் விஞ்ஞான, கணித, பொறியியற் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். விரிவுரை வகுப்புகளிற் சித்தியெய்தாதோர் நூற்றுக்கு 33.8, ஏனைய வகுப்புகளில் 21.8. நூறு பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழப் பன்னிருவரின் எதிர்காலம் கற்பிக்கும் முறையைப் பொறுத்திருக்கின்றது என்பது எளிதிற் புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

எனினும் மாணாக்கரைக் குழுவாக இருத்திவிட்டால் மட்டும் கல்வி நிகழ்ந்துவிடாது. ஒருவன் உழைக்க மூவர் பெயரெழுதும் குழுக்களும் உள. மின்னெசோற்றாப் பல்கலைக்கழகத்து டேவிட் ஜோன்சன், ரோஜர் ஜோன்சன் என்னும் சகோதரர் கூட்டுக் கற்றலுக்கு வகுத்த இயல்புகளுள் இரண்டு தலையாயவை. ஒருவர் வெற்றி மற்றையோர் வெற்றியின்றிக் கைகூடாதிருத்தல் ஒன்று. ஒவ்வொருவரும் தத்தம் பங்கிற்குத் தனித்துப் பொறுப்பேற்றல் மற்றொன்று. பாலமொன்றின் அமைப்பை நால்வர் வகுக்கின்றனரெனின், அவருள் எவரை அழைத்து வினவினும் முழு அமைப்பையும் விளக்க வல்லவராதல் வேண்டும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் கற்பித்த ரிச்சாட் பெல்டர், 1990 முதல் ஒரே மாணாக்கர் தொகுதிக்கு ஐந்து தொடர்ச்சியான பருவங்களில் இத்தகைய முறைகளைக் கையாண்டார். வழக்கமான முறையிற் பயின்றோரினும் அத்தொகுதியினருள் மிகுதியானோர் படிப்பைக் கைவிடாது பட்டம் பெற்றனர்.

இத்துணைச் சான்றிருந்தும் விரிவுரை நிலைத்திருப்பது ஏன்? ஹாவார்டிற் பௌதிக மாணாக்கரிடை நடத்தப்பெற்று 2019 இல் வெளிவந்த ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. ஈடுபட்டுக் கற்றோர் சோதனையிற் கூடிய புள்ளி பெற்றனர். ஆயினும் தாம் குறைவாகவே கற்றதாக எண்ணினர். தேர்ந்த விரிவுரையைக் கேட்டோரோ மிகுதியாகக் கற்றதாக மகிழ்ந்தனர். தடையின்றி ஓடும் சொற்பெருக்கு விளங்கிவிட்டது என்னும் மயக்கத்தைத் தரும். சிந்தித்து இடறுதல் அறியாமை போலத் தோன்றும். அவ்விடறலே கற்றல் என்பதை ஆசிரியர் தொடக்கத்திலேயே மாணாக்கருக்கு உணர்த்துதல் நன்று.

இவற்றால் ஆசிரியரின் உரை பயனற்றதென்பது பெறப்படாது. காற்பங்கு இன்றி முழுமை இல்லை. ஆயின் காற்பங்கையே முழுமையெனக் கொண்டு வகுப்பை முடித்துவிடுதல், எஞ்சிய முக்காற்பங்கை மாணாக்கருக்கு மறுப்பதாகும்.