எஸ்எம்எஸ்ஸைக் கடைசி வரை படிங்க: இங்கிலீஷ் வாக்கியம் எப்படி அமைகிறது?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறீர்கள். போனில் ஒரு எஸ்எம்எஸ் வருகிறது. அதில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘யுவர் பேடி ஹேஸ் பீன் புரொக்யூர்ட் அண்ட் தி அமவுண்ட் வில் பி கிரெடிட்டட் டு யுவர் அக்கவுண்ட்.’ ‘கிரெடிட்டட்’ கண்ணில் பட்டதுமே பணம் ஏறிவிட்டது என்று பேங்குக்குக் கிளம்பிவிடுகிறோம். அங்கே போனால் வரவே இல்லை!

எஸ்எம்எஸ் தப்பு இல்லை. ‘அண்ட்’ என்ற சொல் இரண்டு தனித்தனி செய்திகளை இணைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தொடர் வாக்கியம் என்று படித்தோமே, இங்கிலீஷில் ‘காம்பவுண்ட்’, அதுதான் இது. முதல் பாதியில் ‘ஹேஸ் பீன்’: நெல் வாங்கியாச்சு. அடுத்த பாதியில் ‘வில் பி’: பணம் இனிமேல்தான் வரும். ‘அண்ட்’ வந்தால் நின்று, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் படியுங்கள்.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது கலவை வாக்கியம், அதாவது ‘காம்ப்ளெக்ஸ்’. இதற்குக் காரணம் நம் மொழிப் பழக்கம்தான். தமிழில் நிபந்தனையை முன்னாடி சொல்வோம், முடிவைக் கடைசியில் சொல்வோம்: ‘கேஒய்சி முடிச்சா பணம் வரும்.’ வினைச்சொல் வரும் வரை காத்திருப்பது நமக்குப் பழக்கம். இங்கிலீஷில் வினை முன்னாடியே வந்துவிடும். நிபந்தனை வாலில் தொங்கலாம். வினையைப் பார்த்ததும் விஷயம் முடிந்தது என்று நினைத்து போனைச் சட்டைப் பையில் போட்டுவிடுகிறோம்.

பிஎம் கிசான் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. இதற்கு இ-கேஒய்சி கட்டாயம். ‘இன்ஸ்டால்மெண்ட் வில் நாட் பி கிரெடிட்டட் அன்லெஸ் இ-கேஒய்சி இஸ் கம்ப்ளீட்டட்’ என்று வந்தால், பாதியில் நிறுத்தியவருக்குப் ‘பணம் வராது’ என்பது மட்டும்தான் தெரியும். கடைசி வரை படித்தவருக்கு வழியும் தெரியும்: இ-கேஒய்சி முடிக்காவிட்டால்தான் வராது. ‘அன்லெஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு ‘இல்லாவிட்டால்’ ஒளிந்திருக்கிறது.

இதே வேலையைச் செய்யும் வேறு சொற்களும் உண்டு. ‘சப்ஜெக்ட் டு வெரிஃபிகேஷன்’ என்றால் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான். ‘ப்ரொவைடட் தட்’ என்றால் ‘கொடுக்கப்பட்டது’ என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உண்மையில் அது ‘இன்னது நடந்தால் மட்டும்’ என்ற நிபந்தனை.

அடுத்து செயப்பாட்டுவினை. அரசாங்க இங்கிலீஷுக்கு இது ரொம்பப் பிடிக்கும். அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் புயல் மழையில் சேதமானால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்ட விதி. (இப்போ டெல்டாவில் பெரும்பாலும் மெஷின் அறுப்புதான், இருந்தாலும் விதி விதிதான்.) இங்கிலீஷில் இது ‘லாஸ் மஸ்ட் பி இன்டிமேட்டட் வித்தின் செவன்டி டூ அவர்ஸ்’ என்று இருக்கும். யார் சொல்ல வேண்டும்? வாக்கியத்தில் ஆளே இல்லை. விஏஓ சொல்லிடுவார் என்று இருந்தால் மூன்று நாள் ஓடிவிடும். சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ‘மஸ்ட் பி’ வந்தால் ‘யாரால்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறீர்களா? ‘ஹேஸ் பீன் ரிடர்ன்ட்’ என்றால் ஏதோ குறை இருக்கிறது, சரிசெய்து மறுபடி அனுப்பலாம். ‘ரிஜெக்டட்’ என்றால் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. அமைப்பு ஒன்றுதான், வினை மட்டும் வேறு.

கடைசியாக, கட்டளை வாக்கியம். ‘கிளிக்’, ‘கால்’, ‘அப்டேட்’ என்று எழுவாயே இல்லாமல் அதட்டும். ‘இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பருக்கு கால் பண்ணுங்கள்’ என்று இங்கிலீஷில் நாடு முழுக்கச் சுற்றிய மோசடி எஸ்எம்எஸ்ஸின் அமைப்பைப் பாருங்கள்: முதலில் ஒரு மிரட்டல், ஒட்டியே ஒரு கட்டளை. இப்படி வந்தால் அதில் உள்ள நம்பரைத் தொடாதீர்கள், மின்கட்டண ரசீதில் உள்ள அலுவலகத்தில் கேளுங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.